விலகல் மதிப்பு

வினாக்கொத்து பதினாறு பக்கம்.
கொழும்பில் அடித்து, ஒட்டுசுட்டான் தபாற்கந்தோரில் இறங்கியபோது
ஒரு மூலை மழை குடித்திருந்தது.
சமூக வலைத்தளப் பாவனை: கிராமிய மட்ட ஆய்வு.
ஆளுக்கு முந்நூறு ரூபா எனக்கு.
பெற்றோல் என்னுடையது.

முத்தையன்கட்டு இடதுகரை.
சிக்னல் துருசடியில் மட்டும்தான் நிற்கும்,
ஆகவே பின்னேரத்தில் ஊரும் அங்கேதான் நிற்கும்,
தலை குனிந்து,
குளத்தைப் பார்க்காமல்.
வீடு வீடாக அலையத் தேவையில்லை என்று
முதல்நாளே கண்டுபிடித்தேன்.
மாதிரியெடுப்பு முறை என்ற பக்கத்தில்
அதை நான் எழுதவில்லை.

இலக்கம் 23.
எத்தனை கணக்கு வைத்திருக்கிறீர்?
மூண்டு. ஒண்டு எனக்கு, ஒண்டு உழவு மிசினுக்கு,
மற்றது ஒரு பெட்டையின்ர பேரில.
அதை எழுதாதேங்கோ அக்கா.

இலக்கம் 41, நுண்கடன் எடுத்தவள்.
வட்ஸ்அப் குழுவில் பதினெட்டுப் பேர்.
திங்கள் காலை காசு கட்டாதவளின் பெயரைத்
தலைவி அதற்குள் போடுவாள்,
பக்கத்தில் கைகூப்புகிற படம்.
வெளியேறலாமே என்றேன்.
வெளியேறினாலும் காட்டுமே,
இன்னார் வெளியேறினார் எண்டு.
பாவனையின் நோக்கம்: தொடர்பாடல். குறியீடு 3.

இலக்கம் 117.
பெயர் எழுதமாட்டோம், இரகசியம் காப்போம்,
நம்பர் மட்டும்தான் என்று விளங்கப்படுத்தினேன்.
பேரை எழுது பிள்ளை என்றா.
நம்பரா நான் ஏற்கெனவே கன இடத்தில கிடக்கிறன்.
நேசமலர்.
ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்.
பென்சிலோடு அழிரப்பரும் தந்துதான் விட்டிருந்தார்கள்.

ஒரு நாளில் எத்தனை மணித்தியாலம்?
ஒன்பது. டேட்டா முடிஞ்சால் குறையும்.
நண்பர்கள்?
நாலு.
பதிவுகள்?
இல்லை.
விருப்பம் போடுவீர்களா?
ஒருக்காக் கைபட்டு விழுந்தது,
ஆரோ பிறத்தியாற்ற கலியாணத்துக்கு.
அப்ப ஒன்பது மணித்தியாலமும் என்னம்மா செய்வியள்?

போனை என் பக்கம் திருப்பினா.
எங்கேயோ ஒரு கடைத்திறப்பு.
நாடா வெட்டுகிறவர்கள் சிரிக்கிறார்கள்.
இரண்டு விரலால் அவர்களை விலக்கினா.
பின்னால் தெரு.
தெருவில் சைக்கிளைப் பிடித்தபடி ஒருவர்,
பஸ்ஸுக்கு நிற்கும் மூன்று பேர்,
அதில் ஒருவருக்குத் தோள் மட்டும்.
பெரிதாக்கப் பெரிதாக்கத்
தோள் சதுரம் சதுரமாக உடைந்தது.
இவனில்லை என்றா,
அரிசியில் கல் பார்க்கிற குரலில்.
அடுத்த படம்.

பன்னிரண்டாம் கேள்விக்கு விடைகள் ஐந்து:
பொழுதுபோக்கு, செய்தி, தொடர்பாடல், வியாபாரம், வேறு.
வேறு என்பதற்குப் பக்கத்தில் விட்டிருந்த கோடு
என் சின்னவிரல் நீளம்.

இரண்டு கிழமையில் மின்னஞ்சல் வந்தது.
117. நேரம் மிக அதிகம், செயற்பாடு பூச்சியம்.
முரண். விலகல் மதிப்பு.
ஓரத்தில் ஏதோ பென்சில் எழுத்தும் கிடக்கிறது.
களத்தில் பிழைத்ததா?
நீக்கிவிடலாமா?

பதில் அனுப்பவும் துருசடிக்குத்தான் போகவேண்டும்.
குளம் வான் பாய்ந்துகொண்டிருந்தது.
அவவும் நின்றா, தூறலில்,
குடை போனுக்கு மட்டும்.
சரிபார்த்தேன், பிழையில்லை, வைத்திருங்கள் என்று எழுதினேன்.
வட்டம் சுற்றியது, நின்றது,
திரும்பச் சுற்றியது.
போனது.

அக்கா ஒரு செல்பி, வான் பாயுது பாருங்கோ
என்று 23 கையை நீட்டினான்.
சிரிக்கச் சொன்னான்.
கட்டில் இன்னும் ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள்,
எனக்குத் தெரியாத ஒருவர் சைக்கிளில்.
நான் ஒரு அடி விலகி நின்றேன்,
பின்னால் வருகிறவர் மறையாதபடிக்கு.